அவாகானுக்கு அர்த்தம் சொன்னவர்கள்

மெக்சிகோ மலையூரான அவாகானின் ஊற்று நின்றுபோனது பிப்ரவரியில் மெழுகுத்திரித் திருநாள் கழிந்த வாரத்தில். சத்தமில்லாமல்தான் நின்றது. மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் சுண்டுவிரலாயிற்று. பிறகு பாறையில் வெறும் ஈரம். பிறகு வெறும் பாறை. ஊர்க்காரர்கள் போய் நின்று பார்த்தார்கள். மலைக்கு மேலே அவகாடோ தோட்டக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்ட அன்றே இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த சாவுக்கு யார் ஒப்பாரி வைப்பார்கள்? பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அந்த வருடம் ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவர் நசாரியோ கோயோபோல். தலைவரானது அவர் குற்றமில்லை. ஊர்க்கூட்டத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கற்றாழை மறைவில் ஒன்றுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார். அவாகானில் பதவி அப்படித்தான் வரும். வந்தால் வருடம் முடியும்வரை போகாது.

ஊற்று நின்றதிலிருந்து நசாரியோவுக்கு உள்ளே என்னவோ மரத்துப்போயிருந்தது. மகள் எலோயிசா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "துணி அலசக்கூடத் தண்ணியில்லாத ஊர்ல புள்ளைய எப்பிடிப்பா வளக்கறது?" என்று சொல்லிவிட்டுப் பட்டணத்துப் பஸ்ஸில் ஏறினாள். நசாரியோ பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வரும் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தார். வரவில்லை. மக்காச்சோளத்துக்குக் களையெடுக்கப் போய்விட்டார்.

மனைவி ஃபிதென்சியாதான் விரட்டினாள். "ஏ கெழவா, தலைவர்னு பேரு மட்டும் இருந்தாப் போதுமா? போயி ஆபீஸ்ல கேளு. என் தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போ. நீ வாயத் தெறக்க மாட்டே, அவன் வாய மூட மாட்டான். ரெண்டும் சேந்தா ஒரு மனுசனாவது தேறும்."

மச்சினன் சிரிலோவுடன் நசாரியோ வட்டார நீர்வழங்கல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒசோர்னியோ என்ற இன்ஜினியரம்மா இருந்தார். மேசைமேல் வியர்த்த தண்ணீர்க் கூஜா. சுவரில் இறகுக் கிரீடம் வைத்த பழைய ராஜாவின் படம்.

"எந்த ஊரு?"

"சாந்தா ருஃபினா அவாகானுங்க."

அம்மா கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மலர்ந்தது. "அடடா, என்ன பேரு! அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

நசாரியோ யோசித்தார். பிறந்ததிலிருந்து பேசுகிற நாவாத்ல் பாஷைதான். ஆனால் ஊர்ப்பேரை யாரும் உடைத்துப் பார்த்ததில்லை. "எங்க ஊருன்னு அர்த்தமுங்க" என்றார்.

"இல்லய்யா. நாவாத்ல்ல 'அ'ன்னா தண்ணி. 'அவா'ன்னா தண்ணிக்குச் சொந்தக்காரங்க. 'கான்' இடம். தண்ணிக்குச் சொந்தக்காரங்க இருக்கிற இடம்!"

"இருந்தோமுங்க. இப்ப இல்ல. ஊத்து நின்னுபோச்சு."

"அது உங்க அபிப்பிராயம்" என்றார் அம்மா அன்பாக. "முன்னாடியெல்லாம் நாங்க ஒவ்வொரு ஊரா வந்து தண்ணி இருக்கா, எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு அளப்போம். எவ்வளவு வீண்செலவு! நம்ம முன்னோர்கள்தான் எல்லாத்தையும் பாத்துப் பாத்துப் பேரு வெச்சிட்டுப் போயிருக்காங்களே. அதனால இப்ப நாங்க அளக்கறதில்ல. பேரைப் பாத்துத் தண்ணி குடுக்கறோம். பெயர்வழி நீர்த் திட்டம். ஷால்தெபெக்குக்கு 'மணல்மேடு'ன்னு அர்த்தம். பெரிய தொட்டி ரெண்டு கட்டிக் குடுத்தோம். ஆத்தங்கரையில இருக்கோம், எங்களுக்கு வேண்டாம்னாங்க. விடலையே. கட்டிட்டோம்."

"எங்களுக்கு ஒரு தொட்டி போதுமுங்க" என்றார் நசாரியோ.

"தண்ணிக்குச் சொந்தக்காரங்களுக்கு நான் தண்ணி குடுத்தா, அது உங்க முன்னோர்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

சிரிலோ குறுக்கிட்டான். "அவமானத்த நாங்க தாங்கிக்கிறோம்மா."

"நீங்க தாங்குவீங்க. இலாகா தாங்காது." அம்மா கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். "பேரை மாத்த முடியாது. அது பாரம்பரியம். ஆனா அர்த்தத்தை மாத்தலாம். அதுக்குன்னு ஆதிப்பெயர் ஆணையம் ஒண்ணு இருக்கு. அங்க போய்ப் பாருங்க."

வெளியே வந்ததும் சிரிலோ கேட்டான்: "மச்சான், இவங்க ஊருக்கு என்ன அர்த்தமாம்? அதையும் கேட்டிருக்கலாமே."

நசாரியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

ஆணையம் அவாகானுக்கு நேரிலேயே வந்தது. மனு கொடுத்த ஊருக்கு இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்ததில்லை என்று ஊர் அசந்துபோயிற்று. நான்கு வண்டிகள். முதல் வண்டியிலிருந்து டாக்டர் எவாரிஸ்தோ லந்தசூரி இறங்கினார். பெயர்ப் பொருள் சொல்வதில் அவருக்கு மிஞ்சி ஆளில்லை என்று அவரே சொன்னார். இரண்டாவதிலிருந்து மெக்சிகோ நகரத்து நடனக்காரர்கள், காலில் சதங்கையும் தலையில் மயில் இறகுமாக. மூன்றாவதில் சங்கு ஊதுகிறவர், குங்கிலியப் புகை போடுகிற பெண்மணி. நான்காவது வண்டி நிறையப் பாட்டில் தண்ணீர். அது வந்தவர்களுக்கு.

விருந்தாளி வந்தால் வான்கோழி அடித்து மோலே குழம்பு வைக்காமல் அனுப்புகிற ஊர் இல்லை அவாகான். பீப்பாயின் அடியில் கிடந்த கடைசித் தண்ணீரை வழித்து ஃபிதென்சியா குழம்பு வைத்தாள். அண்டை வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு செம்பு கொடுத்தார்கள்.

டாக்டருக்கு நசாரியோவின் ஜீன்ஸும் தொப்பியும் பிடிக்கவில்லை. "போட்டோவுக்கு இது சரிப்படாது. உங்க பாரம்பரிய உடை எங்க?"

"இதுதாங்க உடுத்துறது."

ஆணையமே வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தது. நசாரியோவுக்கு அது தொப்புள்வரைதான் எட்டியது. அதோடு அவரை ஊற்றுப் பாறையின்மேல் உட்கார்த்தி, தூரத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்த்தார். தூரத்தில் அவகாடோ தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

சங்கு நான்கு திசைக்கும் ஊதப்பட்டது. டாக்டர் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, நீங்க தண்ணி இல்லன்னு சொல்றீங்க. நான் சொல்றேன், அதைவிடப் பெரிய வறட்சி ஒண்ணு உங்களுக்கு இருக்கு. அர்த்த வறட்சி! தண்ணியில்லாம மனுசன் மூணு நாள் இருக்கலாம். அர்த்தமில்லாம ஒரு நிமிஷம் இருக்க முடியுமா? என்னால முடியாது."

கூட்டத்தில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. அதன் தாய் அதை முதுகுத் துணிக்குள் தள்ளிக்கொண்டாள்.

சாப்பாட்டில் டாக்டருக்குப் பக்கத்தில் அவகாடோ தோட்டத்து மேலாளர் உட்கார்ந்திருந்தார். பண்பாட்டுப் புரவலர் என்று அவரை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அவர் கொண்டுவந்த அவகாடோக் கூழை டாக்டர் ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தார். மெல்லுகிற வாய் சட்டென்று நின்றது. கண்கள் விரிந்தன.

"அவாகாத்ல்!" என்று எழுந்தார். "அவகாடோவுக்கு உங்க பாஷையில அவாகாத்ல். கேட்டீங்களா? அவாகாத்ல், அவாகான். நாளடைவுல வால் அறுந்திருக்கு. இது தண்ணிக்காரங்க ஊரே இல்ல. அவகாடோ ஊரு!"

மேலாளர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

சிரிலோ கையைத் தூக்கினான். "ஐயா, எங்க பாஷையில அவாகாத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டுங்க. ஆம்பளைங்க கால்சட்டைக்குள்ள ரெண்டு தொங்குமே..."

பெண்கள் தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் தீவிரமாகத் தலையாட்டினார். "அந்தப் பொருளும் ஆணையத்தின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்."

பரிசீலனையில் பழமே வென்றது. ஊர் எல்லையில் பித்தளைப் பலகை ஒன்று நட்டார்கள், பொறித்த அவகாடோவுடன். நசாரியோவும் சிரிலோவும் மறுபடி இன்ஜினியரம்மாவிடம் போனார்கள். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள். தண்ணி சாங்ஷன் ஆயிடுச்சு."

நசாரியோ தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப நன்றிங்கம்மா. எப்ப வருமுங்க?"

"வந்துடுச்சே. அவகாடோ ஊருன்னு ஆனதும், அந்த ஊரோட ஆதிக்குடி யாரு? அவகாடோ மரம்தானே! நீங்கள்ளாம் அப்புறமா வந்தவங்க. அதனால ஊருக்கு உண்டான தண்ணிய மரத்துக்கு ஒதுக்கிட்டோம். மேல தோட்டத்துல ரெண்டாவது போர் போட்டாச்சு. நல்ல தண்ணி."

ஃபிதென்சியா கேட்டுவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சொன்னாள்: "ஏ கெழவா, தண்ணி கேக்கப் போனியா, இருந்த ஊரைத் தூக்கி மரத்துக்குச் சீதனம் குடுக்கப் போனியா?"

"நான் எங்க குடுத்தேன்? அவங்க அர்த்தம் சொன்னாங்க."

"சொன்னாங்கன்னா நீ கேட்டுக்கிட்டு வருவியா? போ. போயி மாத்திச் சொல்லச் சொல்லு."

வாரம் ஒருமுறை லாரித் தண்ணீர் வந்தது. அதையும் பாத்திரம் கழுவியது, கால் கழுவியது, பன்றிக்குக் காட்டியது என்று மூன்று பிறவி எடுக்க வைத்துத்தான் மண்ணில் விட்டார்கள். நசாரியோவின் பீச் மரங்கள் இலையை உதிர்த்தன. அவர் போய் ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது. கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அடுப்புக்குக் கொண்டுவந்தார்.

மேல்முறையீட்டை விசாரிக்க ஆணையத்தின் முழு அமர்வு பட்டணத்தில் கூடியது. ஆணைய முற்றத்தில் ஒரு நீரூற்று. கல்லில் செய்த மலை, அதன் அடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்துச் சித்திர எழுத்தில் 'ஊர்' என்பதை அப்படித்தான் வரைவார்களாம். சிரிலோ கொண்டுவந்த கேனை அதில் பிடித்தான். காவலாளி ஓடி வந்தான்.

"யோவ், யோவ்! அது குடிக்கிற தண்ணி இல்லய்யா. அடையாளத் தண்ணி."

"குடிச்சா என்ன ஆகும்?"

"அடையாளம் கொறையும்."

அமர்வில் டாக்டர் லந்தசூரியை எதிர்த்துப் பேராசிரியர் அமெஸ்குவா நின்றார். இருவரும் பல வருடங்களாக ஒருவரையொருவர் முகம் பார்ப்பதில்லை; அதனால் இருவருமே நசாரியோவைப் பார்த்துப் பேசினார்கள்.

"முதல் எழுத்துலயே டாக்டர் தடுக்கி விழுந்துட்டாரு" என்றார் பேராசிரியர். "'அ'வுக்கு அவகாடோவும் தண்ணியும் மட்டும்தானா? முன்னாடி ஒட்டிக்கிட்டு, பின்னாடி வர்றதை இல்லன்னு சொல்ற 'அ' ஒண்ணு இருக்கே! அதை ஏன் மறைக்கிறாரு?"

"நான் எதையும் மறைக்கல. எனக்கு அது தேவைப்படல."

"'கான்'னா இடம். 'அகான்'னா? எந்த இடமும் இல்ல. எங்குமில்லை! நடுவுல இருக்கிற 'வா' நாக்குத் தடுமாறி வந்தது."

டாக்டர் சிரித்தார். "தண்ணியும் மலையும் சேந்தது அல்தெபெத்ல். அதுதான் ஊருக்கு ஆதிச்சொல். பிற்காலத்துல அது ராஜ்ஜியம்னு ஆச்சு, அப்புறம் கோயில் உள்ள ஊருன்னு ஆச்சு, இப்ப ஜனங்க முனிசிபாலிட்டி ஆபீஸ் இருக்கிற ஊரை மட்டும் அப்பிடிச் சொல்றாங்க. மலை இருக்கிற ஒரு இடத்தைப் போய் எங்குமில்லைங்கறீங்களே?"

"மலை இருக்கு. தண்ணி?"

டாக்டர் முதல்முறையாகத் தயங்கினார். தண்ணீர் இல்லை என்பதை ஆணையத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நசாரியோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணி இல்ல" என்றார் பேராசிரியர் வெற்றியோடு. "ஆகவே ஊரு இல்ல. ஆகவே எங்குமில்லை!"

வாக்கெடுப்பு நடந்தது. நசாரியோவும் கையைத் தூக்கினார். அவர் அந்த ஊரில் வசிப்பதால் சார்புடையவர், வாக்களிக்க முடியாது என்று ஆணையத் தலைவர் மென்மையாக விளக்கினார். ஒரு வாக்கு வித்தியாசத்தில் பேராசிரியர் ஜெயித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். டாக்டர் லந்தசூரி பெருந்தன்மையோடு தோல்வியை ஏற்று மைக்கைப் பிடித்தார்.

"இன்னிக்கு ஒரு ஊருக்கு அதோட உண்மையான பேரைத் திருப்பிக் குடுத்திருக்கோம். இவங்க ஏழைங்க. இவங்ககிட்ட ஒண்ணுமில்ல. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போகும்போது, ஒண்ணுமில்லங்கறதுக்கு ஆதாரத்தோட போறாங்க!"

"மச்சான், இது அநியாயம்" என்றான் சிரிலோ.

நசாரியோ மண்டபத்தில் கொடுத்த சோளமாவுத் தமாலேயைப் பிரித்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். உள்ளே பன்றிக்கறி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

இன்ஜினியரம்மா இந்தமுறை கேக் வெட்டக் கூப்பிட்டார். "இனிமே தடையே இல்லய்யா. உங்க பேர்ல தண்ணியும் இல்ல, மரமும் இல்ல. பைப் லைனுக்கு ஆர்டர் போட்டாச்சு."

"எப்பம்மா வேலை ஆரம்பிப்பாங்க?" நசாரியோ கேட்டார்.

"முடிஞ்சிடுச்சே! 'அணையிலிருந்து எங்குமில்லை வரை'ன்னு டெண்டர் விட்டோம். ஒரு கான்ட்ராக்டர் எடுத்தாரு. ஒரே வாரத்துல முடிச்சிட்டாரு. நானே போய்ப் பாத்தேன், சுத்தமான வேலை. ஒரு இடத்துலயும் கசிவு இல்ல."

"எங்கம்மா போட்டிருக்காங்க?"

"எங்குமில்லை."

அவர் ஏமாற்றவில்லை. முகத்தில் பெருமிதம்தான் இருந்தது. நசாரியோ கேக்கைக் காகிதத்தில் சுருட்டி ஃபிதென்சியாவுக்கு எடுத்துக்கொண்டார்.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. எங்குமில்லை என்ற நிறுத்தத்தில் நிற்கச் சட்டமில்லை என்று பஸ் நேரே போனது. பள்ளிக்கூட வாத்தியாரை இருக்கிற ஊருக்கு மாற்றினார்கள். கரண்ட் கட்டணத் தாள் மட்டும் தவறாமல் வந்தது. வீடு வீடாகப் பூட்டினார்கள். தூரத்து வயல்காட்டு வேலைக்கு, எல்லை தாண்டி வடக்கே, செங்கல் சூளைக்கு. போகிறவர்கள் நசாரியோவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், தலைவர் என்பதால். அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றார். வாய் சொன்னது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அவருடைய பதவி வருடம் முடிந்தபோது அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டத்துக்கு ஆளில்லை.

சிரிலோதான் அந்தக் கசிவைக் கண்டுபிடித்தான். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மலையடிவாரத்து ஓடையைக் கடக்குமிடத்தில், மூட்டு ஒன்று விட்டுப்போய் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர். அவாகான் ஊற்றின் ருசியே இருந்தது, அதே தண்ணீர்தானே. மீதமிருந்த ஏழெட்டுக் குடும்பங்கள் தகரமும் கம்பும் சுமந்துகொண்டு இறங்கி, கசிவுக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள். ஃபிதென்சியா பீன்ஸ் விதை ஊன்றினாள். முளைத்தது. எலோயிசா குழந்தையோடு பார்க்க வந்து, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனாள். குழந்தையை வாளியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டினார்கள். யாரும் இரைந்து பேசவில்லை. குழாய்க்குக் கேட்டு மூட்டு தானாக இறுகிவிடும் என்று பயந்தவர்கள் போல நடந்துகொண்டார்கள்.

ஒருநாள் காலையில் தூரத்தில் சங்குச் சத்தம் கேட்டது.

டாக்டர் லந்தசூரி ஓடையோரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கூட இந்தமுறை சங்கூதுகிறவர் மட்டும். நசாரியோவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயா, ஊரு பொறந்திருக்குன்னு கேள்விப்பட்டு ஓடி வந்தேன். செத்த பேருங்களோடயே என் காலம் போயிடுச்சு. ஒரு பேரு பொறக்கறதை நேர்ல பாக்கற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்? சொல்லுங்க, இந்த இடத்துக்கு என்ன பேரு?"

"பேரு வெக்கலீங்க."

"இன்னுமா வெக்கல? ஏன்?"

"வெச்சா நீங்க வருவீங்கன்னுதாங்க."

சிரிலோ களுக்கென்று சிரித்துவிட்டான். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் பிரகாசமானது. "பேரே இல்லாத ஊரு! ஆஹா! இதைவிட ஆழமான பேரு இந்தக் கண்டத்துலயே கெடையாதே. இதை நீங்க உங்க வாயால, உங்க பாஷையில எப்படிச் சொல்லுவீங்க? 'பேரில்லாதது'. சொல்லுங்கய்யா, ஒரே ஒரு தடவை."

நசாரியோ வாயைத் திறந்தார். மரியாதைக்குரிய மனிதர் கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அப்போது உள்ளே மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று அசைந்தது. என்னவென்று அவருக்கு உடனே பிடிபடவில்லை, அவ்வளவு நாளாயிற்று. பயம். நல்ல, சூடான பயம். அவர் பீன்ஸ் கொடியைப் பார்த்தார், தகரக் கூரைகளைப் பார்த்தார், மூட்டிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

சிரிலோ எதையோ சொல்ல வாயெடுத்தான். ஃபிதென்சியா தம்பியின் காலை ஓங்கி மிதித்தாள்.

டாக்டர் புன்னகையோடு காத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. சங்கூதுகிறவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஃபிதென்சியா குனிந்து, நிரம்பிய வாளியை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.